அரை மணியில் முடித்த இரண்டு மணிச் சோதனை

அன்பு மகனுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் வலி. மற்றபடி கல்யாண வீடு கல்யாண வீடாகத்தான் இருக்கிறது. வாய் வலி என்றதும் பல் டாக்டரிடம் போகச் சொல்லாதே. சொல்ல வேண்டிய ஒன்றைப் பதிமூன்று வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? திங்கட்கிழமை சாயங்காலம் நீ அம்பத்தூரிலிருந்து வந்து இறங்குவாய். புதன்கிழமை காலை தாலி கட்டக் கோயிலுக்குக் கிளம்பும்போது, நம் வழக்கப்படி உன் நெற்றியில் நான் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கையை உன் நெற்றியில் வைப்பதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும். நேரில் சொல்லக் கூடாதா என்பாய். நேரில் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும். என்னை உனக்குத் தெரியாதா.

போன ஞாயிறு பூசை முடிந்து, எனக்கு மருமகளாக வரப்போகிற ஸ்டெல்லா வீட்டுக்கு வந்திருந்தாள். ரவிக்கைத் துணி காட்டக் கூப்பிட்டிருந்தேன். துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், நீ ஏன் என்னிடம் எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்று மட்டும் சொல்கிறாய் என்று கேட்டாள். என் பிள்ளை சொன்ன பேச்சைத் தட்டாதவன் என்று பெருமையடித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நானும் அப்படித்தான் நெனச்சேன் அத்த. அவரையே கேட்டேன். 'நா எது சொன்னாலும் எங்கம்மா நம்ப மாட்டாங்க, அப்புறம் சொல்லி இன்னா ஆவப்போவுது'ன்னாரு" என்றாள். நீ எந்த நாளை மனதில் வைத்துச் சொல்கிறாய் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு மறுநாள் சாயங்காலம். அப்போது உனக்குப் பதினொரு வயது.

அந்த நாளுக்குப் போவதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கேள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்த தனியார் பால் பண்ணையில் அம்மா வேலை பார்த்தாள், தினமும் ஒரு பாட்டில் பால் சும்மா கொண்டுவந்தாள், இவ்வளவுதான் உனக்குத் தெரியும். வாலாஜாபாத் பக்கமிருந்தும் ஒரகடம் பக்கமிருந்தும் கேன்களில் பால் வரும். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றி அறுபத்துமூன்று டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வைப்பார்கள். கொதிக்க விடுவதில்லை. ருசி கெடாமல் நோய்க்கிருமி மட்டும் சாக அந்தச் சூடு போதும். தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் எல்லப்பன். அவர் ஒழுங்காகச் சூடு காட்டினாரா என்று கண்டுபிடிப்பது லேப்பில் என் வேலை. எப்படிக் கண்டுபிடிப்பாய், சொல் பார்ப்போம். சூடு காட்டி ஆறவைத்த பாலும் பச்சைப் பாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது. எனக்கு முதன்முதலில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நான் இறங்கும் ஸ்டாப்பையே தவறவிட்டேன்.

மாட்டின் மடியிலிருந்து வரும் பாலோடு ஒரு என்சைம் சேர்ந்தே வருகிறது. உன் பள்ளிப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருப்பார்கள். அது கிருமி இல்லை, பூச்சி இல்லை, உயிரே இல்லை. உயிருள்ள உடம்பு தனக்கு வேலை செய்வதற்காக உண்டாக்கி வைத்த ஒரு பொருள். தான் தீர்ந்துபோகாமல் இன்னொன்றை உடைத்துக்கொண்டே இருக்கும். கிருமி சாகிற சூட்டைக் கொஞ்சம் தாண்டினால் இந்த என்சைமும் கெட்டுவிடும். அப்படியென்றால் என்சைம் கெட்டிருக்கும் பாலில் கிருமியும் செத்திருக்கும் அல்லவா? அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டியூபில் மருந்துக் கரைசல் எடுத்து, அதில் கொஞ்சம் பால் விட்டு, முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். என்சைம் இன்னும் நல்லபடியாக இருந்தால் மருந்தை உடைத்து மஞ்சளாக்கிவிடும். கெட்டுப்போயிருந்தால் டியூப் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை என்றால் நோட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்கப்புறம்தான் வேன் கிளம்பும்.

இந்தக் கையெழுத்தால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினார்கள். நம் வீட்டில் மட்டும் பாட்டில் மூடியைப் பிய்த்து அப்படியே டம்ளரில் ஊற்றுவேன். நான் சோதித்த பாலை நானே சந்தேகப்படுவதா? உன் அப்பா அப்போது வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "ஒரு கொதி காச்சிக் குடுத்தா இன்னா கொறஞ்சிடப்போவுது உனுக்கு?" நான் அவருக்கு அரை மணி நேரம் விஞ்ஞானம் சொன்னேன். அவர் தன் பாலை மட்டும் தானே காய்ச்சிக் குடித்தார். எனக்குக் கோபம் வராமலிருக்க, ஏலக்காய் போட்டுக் குடிக்கப் பிடிக்கும் என்று சாக்கு வேறு சொல்லிக்கொண்டார். நீ என் பக்கம். அம்மா சொன்னால் சரி என்று பச்சையாகவே குடித்தாய்.

அந்த வருஷம் பவர் கட் படாத பாடு படுத்தியது. லேப் தொட்டியை முப்பத்தேழில் வைப்பது கரண்ட் ஹீட்டர். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்தால்தானே? நடுவில் போகும், தண்ணீர் ஆறும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாசலில் வேன் காத்திருக்கும், சூப்பர்வைசர் கத்துவார். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. தண்ணீர் ஆறிப்போனால் மஞ்சள் வர நேரமாகிறது, முப்பத்தேழில் சீக்கிரம் வருகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியானால் எழுபதில் இன்னும் சீக்கிரம் வரத்தானே வேண்டும்? அடுப்பை ஏற்றினால் அரிசி சீக்கிரம் வேகிறது. வெந்நீரில் அழுக்கு சீக்கிரம் போகிறது. பம்ப் ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கெட்டிலால் தொட்டியில் ஊற்றினேன். இரண்டு மணி நேரச் சோதனை அரை மணியில் முடிந்தது. டியூப் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் மூன்று வாரம் இப்படியே செய்தேன்.

நீ படிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டாயா? பட்டறையில் நாள் முழுக்க இரும்பைச் சுட்டுக் கெட்டிப்படுத்துகிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

திருவிழாவுக்கு மறுநாள் சாயங்காலம் உனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கோயில் வாசலில் குச்சி ஐஸ் வாங்கித் தின்னக் கூடாது என்று நான் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த ஐஸ் என்ன தண்ணீரில் செய்கிறார்களோ என்று எனக்குப் பயம். ஐஸ் தின்றாயா என்று கேட்டேன். "துன்னலம்மா" என்றாய். விசிறியை எடுத்துக் காம்பால் அடித்தேன். மறுபடியும் கேட்டேன். துன்னல என்றாய். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கவைத்து, மாதா முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னாய். காய்ச்சலில் உடம்பு ஆடிக்கொண்டிருக்கிறது, நான் அடிக்கிறேன். நான்காவது தடவை, "துன்னேம்மா" என்றாய். அப்போதுதான் விசிறியைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்குமா என்று உனக்குப் புத்தியும் சொன்னேன்.

டைபாய்டு என்றார் டாக்டர். இருபது நாளுக்கு மேல் படுத்துக்கிடந்தாய். முடியெல்லாம் கொட்டியது. அந்த நாட்களில் உன் பக்கத்தில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்துகொண்டு நான் யோசித்ததெல்லாம் ஒரு தாய் யோசிக்கிறதா என்று தெரியவில்லை. உன் காய்ச்சல் நூற்றுநான்கு. லேப் கணக்கில் நாற்பது டிகிரி. நல்ல உடம்புக்கும் இதற்கும் மூன்றே டிகிரி வித்தியாசம், அதற்கே பிள்ளை பிதற்றுகிறான். பண்ணையில் தொட்டியை முப்பத்தேழில் வை என்றார்களே, அது நம் உடம்புச் சூடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெறும் எண்ணாகவே அதைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் பிறந்த பொருள், உடம்புச் சூட்டில்தானே வேலை செய்யும்? அப்படியானால் எழுபதில் அது என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு விடை பண்ணையில்தான் இருந்தது. உனக்கு ஈரத்துணி மாற்றிப் போட்டுவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்தேன்.

பண்ணைக்குப் போனால் அங்கே வேறொரு கலவரம். எல்லப்பனுடைய தொட்டித் தெர்மாமீட்டரில் பாதரசம் நடுவில் அறுந்து, உள்ளே இருக்கிற சூட்டைவிட அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்ததாம். பாவம், அறுபத்துமூன்று என்று நினைத்து அவர் பாலை ஐம்பத்தைந்தில் இறக்கியிருக்கிறார். எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. என்னிடம் வந்து, "உன் டியூப்பு தெனமும் வெள்ளையாத்தானக்கா கீது, அத்தப் பாத்துத்தான் நா தைரியமா இருந்தேன்" என்றார். நேரே போய், கேனில் வந்து இறங்கிய பச்சைப் பாலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு லேப் கதவைச் சாத்தினேன்.

மூன்று டியூப். மூன்றிலும் அதே பச்சைப் பால், அதே மருந்து. ஒன்றை ஐஸ் தண்ணீரில் வைத்தேன். ஒன்றை முப்பத்தேழில் வைத்தேன். மூன்றாவதை என் புத்திசாலித்தனமான கெட்டில் தண்ணீரில் வைத்தேன். அன்று அதிசயமாகக் கரண்ட் போகவில்லை. முப்பத்தேழில் இருந்தது மஞ்சள் பூசிய முகம் மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் தண்ணீர் டியூப் கிட்டத்தட்ட வெள்ளை. கெட்டில் தண்ணீர் டியூப் சுத்த வெள்ளை. சூடே காட்டாத பச்சைப் பாலடா அது! அதற்கும் நான் "சரி" என்று எழுதியிருப்பேன். எல்லப்பன் தொட்டியில் கெட வேண்டிய என்சைமை நான் டியூபுக்குள் வைத்துக் கெடுத்திருக்கிறேன். பாலைச் சோதிக்கவே இல்லை. என் வெந்நீரைத்தான் மூன்று வாரமாகச் சோதித்திருக்கிறேன்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் என் புத்தி விடவில்லை. ஐஸ் தண்ணீரில் இருந்ததும் வெள்ளை, கெட்டில் தண்ணீரில் இருந்ததும் வெள்ளை, இரண்டும் ஒரே வெள்ளையா? இரண்டையும் எடுத்து முப்பத்தேழில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். குளிரில் இருந்தது மெல்ல மெல்ல நிறம் மாறி, கடைசியில் முதல் டியூப் அளவுக்கே மஞ்சளாகிவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, குளிரில் சும்மா இருந்திருக்கிறது. மற்றதை எவ்வளவு நேரம் வைத்தாலும் அப்படியே நின்றது. முட்டை வெந்த பிறகு ஆறவைத்தால் பழையபடி ஆகுமா, அப்படித்தான். உள்ளே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்தில் இருப்பது சூட்டில் பிரிந்துபோகிறது, வடிவம் போனால் வேலையும் போகிறது என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். எல்லா என்சைமுக்கும் ஒரே சூடு இல்லையாம். கறியில் நான் தடவி ஊறவைக்கிற பப்பாளிக்காய் இதைவிட அதிகச் சூடு தாங்கும், அதனால்தான் அடுப்பில் ஏற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கறியை மிருதுவாக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் கொதிக்கிற குழம்பில் போட்டால் அதுவும் வெறும் காய்தான். இப்போதும் கறி ஊறவைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று டியூப் ஞாபகம் வரும்.

சூப்பர்வைசரிடம் அன்றே சொன்னேன். திட்டினார், திட்ட வேண்டியதுதான். கெட்டிலைத் தூக்கி ஸ்டோரில் பூட்டிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைந்தாலும் வேன் போகக் கூடாது என்று எழுதி ஒட்டினார். அந்தப் பாலால் ஊரில் யாருக்கும் காய்ச்சல் வந்ததாகத் தகவல் இல்லை. எப்படி வரும்? ஊரே காய்ச்சிக் குடித்தது. பச்சையாகக் குடித்தது நம் வீடு, அதிலும் நீ. எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாயா? காபியில்தான் எனக்குப் பால், அது அடுப்பில் கொதித்துவிடும். பெருமையை எல்லாம் உன் டம்ளரில்தான் ஊற்றியிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் மனசு ஒரு பொந்தைத் தேடியது. பாலால்தான் டைபாய்டு வந்தது என்று யார் கண்டது, ஐஸ் தின்றிருந்தால் அதனாலும் வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். நீதான் தின்றேன் என்று ஒப்புக்கொண்டாயே. கிருமி உள்ளே போய் ஒரு வாரமாவது கழித்துத்தான் டைபாய்டு காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அந்த ஐஸ் வண்டிக்காரரைப் பார்த்தேன். திருவிழாவில் நீர் விற்ற ஐஸால் என் பிள்ளைக்கு வந்த வினையைப் பாரும் என்று பிடித்துக்கொண்டேன். அந்த மனுஷன் முழித்தார். "திருவிழாவுக்கு நா வரவே இல்லியேம்மா. அன்னிக்கி வண்டி அச்சு ஒடஞ்சி வூட்ல கெடந்துச்சே" என்றார். நம் ஊருக்கு வருவது அந்த ஒரு வண்டிதான். பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏறவில்லை.

இல்லாத ஐஸை நீ எப்படியடா தின்றிருப்பாய்? பொய் சொல்லக் கூடாது என்று அடித்தே உன்னை ஒரு பொய் சொல்லவைத்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மகனிடம் போய்ச் சொல், இன்ன இன்ன செபங்களையும் சொல் என்றார். செபங்களைச் சொல்லி முடித்தேன். உன்னிடம் மட்டும் வரவில்லை. நீ உடம்பு தேறி எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாய், சொன்ன பேச்சைக் கேட்டாய், எதிர்த்துப் பேசுவதே இல்லை. இந்தப் படிப்புப் படி என்றால் சரிம்மா. இந்த வேலைக்கு எழுதிப் போடு என்றால் சரிம்மா. அதற்கு முன்னால் நீ எப்படி வாயாடுவாய்! ஆகாயம் ஏன் நீலம், தவளைக்குக் காது எங்கே என்று என் உயிரை எடுப்பாய். அந்த வாய் அடங்கியதை வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதியது போலவே இதற்கும் சரி போட்டுவிட்டேன். திருவிழாவுக்குத் திருவிழா குச்சி ஐஸ் வண்டியைக் கண்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதையும் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். வெட்கம்தான், வேறு காரணமில்லை.

கல்யாணக் கடிதம் என்றால் புத்தி சொல்லியாக வேண்டுமாம், உன் அப்பா எட்டிப் பார்த்துச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த ஒன்று சொல்கிறேன். ஸ்டெல்லா ஒரு நாள் பேசாமல் இருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீயாக எழுதிக்கொள்ளாதே. சீக்கிரம் பதில் வேண்டும் என்று குரலை உயர்த்தவும் உயர்த்தாதே. பக்கத்தில் உட்கார். கொஞ்சம் நேரம் கொடு. உன் பட்டறையில் இரும்பு சூட்டால் பலப்படுகிறது என்பதை வைத்து வீட்டையும் நடத்தலாம் என்று நினைத்துவிடாதே. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், செய்து கெட்டவள் என்ற யோக்கியதைதான்.

இப்போது என் பங்கு. உன் "சரிம்மா"வை நான் எந்த வெள்ளை என்று வைத்துக்கொள்வது? குளிரில் சும்மா இருக்கிறதா, நான் போட்ட சூட்டில் அழிந்தே போய்விட்டதா? பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ராத்திரியெல்லாம் இதையேதான் யோசிக்கிறேன், பயமாக இருக்கிறது. இதமான சூட்டில் வைத்துப் பொறுத்திருந்து பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. உன்னை அவசரப்படுத்த மாட்டேன். இந்தத் தடவை கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவர மாட்டேன்.

அன்று நீ ஐஸ் தின்னவில்லை. மூன்று தடவை சொன்னாய், மூன்றும் உண்மை. அடித்ததற்கும், நம்பாததற்கும், தெரிந்த பிறகு இத்தனை வருஷம் வாய் திறக்காததற்கும் அம்மாவை மன்னித்துக்கொள். உன் அப்பாவிடமும் இன்று காலைதான் சொன்னேன். ஏலக்காய்ப் பாலைக் குடித்துக்கொண்டே கேட்டார். இந்தக் கடிதத்தைத் தானே தபாலில் போடுவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

புதன்கிழமை காலை நான் வாசலில் நிற்பேன். நெற்றியைக் காட்டுவதும் காட்டாமல் போவதும் உன் இஷ்டம். ஆனால் அன்றைக்கு "சரிம்மா" என்று மட்டும் குனியாதே. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல். நான் நம்புவேன்.

அம்மா